குட்டிக்குப் பல் முளைக்காத இடம்: எண்ணுவதும், படம் எடுப்பதும், சோறு வைப்பதும்

ஏழு மாதம் ஆகியும் நாய்க்குட்டியின் வாயில் ஓர் இடம் காலியாகவே இருந்தால் வீட்டில் வழக்கமாக இரண்டு காரியம் நடக்கும். சோற்றைக் குழையப் பிசைந்து கஞ்சியாக ஊற்ற ஆரம்பிப்பார்கள். கூடவே ஒரு கால்சியம் டானிக் வாங்கி வந்து மனம்போல் கொடுப்பார்கள். இரண்டாலும் அந்தப் பல் வராது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பல் உண்மையிலேயே இல்லையா, அல்லது ஈறுக்குள் புதைந்து கிடக்கிறதா? இல்லாத பல்லால் குட்டிக்குப் பெரும்பாலும் ஒரு கெடுதலும் இல்லை. புதைந்து கிடக்கும் பல் தாடையையே அரித்துவிடும்.

எத்தனை பல், எப்போது வரும்

பால்பல் 28. மூன்றாவது வாரத்தில் எட்டிப்பார்க்கத் தொடங்கி, எட்டு வாரத்துக்குள் வந்துவிடும். நிலைப்பல் 42: மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22. முன்பற்கள் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் மாறும். கோரைப்பல்லும் முன்கடைவாய்ப்பற்களும் நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் வரும். பின்கடைவாய்ப்பற்கள் ஐந்திலிருந்து ஏழு மாதத்துக்குள் வரும். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களில் கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஆகவே ஐந்து மாதக் குட்டியின் வாயைப் பார்த்து 'பல் இல்லை' என்று முடிவுகட்டுவது அவசரம். ஏழு மாதம் நிறைந்த பிறகு எண்ணினால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

எல்லா நிலைப்பல்லும் பால்பல்லைத் தள்ளிக்கொண்டு வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முதல் முன்கடைவாய்ப்பல்லுக்கும், பின்கடைவாய்ப்பற்களுக்கும் பால்பல்லே கிடையாது. அந்த இடங்களில் விழுந்த பல்லைத் தேடுவதில் பயனில்லை.

வீட்டில் எண்ணும் முறை

குட்டி விளையாடி, தின்று, களைத்துப் படுத்திருக்கும் நேரம்தான் நல்லது. ஒருவர் மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பார்க்க வேண்டும். வாயைப் பிளக்க வேண்டாம். வாயை மூடியபடியே ஒரு பக்கத்து உதட்டை மட்டும் மேலே தூக்கினால் முன்பல்லும் கோரைப்பல்லும் அதன் பின்னால் உள்ள வரிசையும் தெரியும். உதட்டு மூலையைக் காதுப்பக்கம் இழுத்தால் கடைசிப் பற்கள் தெரியும். போன் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பிறகு நிதானமாகப் பெரிதாக்கி எண்ணுங்கள். அசையும் வாயில் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வரும்.

ஒரு தாளில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மேலே, ஒரு பக்கத்துக்கு: முன்பல் 3, கோரை 1, முன்கடைவாய் 4, பின்கடைவாய் 2. கீழே: 3, 1, 4, 3. மேல்வரிசையில் கண்ணுக்கு நேர் கீழே உள்ள மிகப்பெரிய பல்தான் நாலாவது முன்கடைவாய்ப்பல். அதை அடையாளம் வைத்து முன்னும் பின்னும் எண்ணினால் குழப்பம் வராது. கீழ்த்தாடையில் அதற்கு இணையான பெரிய பல் முதல் பின்கடைவாய்ப்பல். இந்த இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டுகின்றன.

எண்ணும்போது பலர் தவறவிடுவது இரண்டு பற்களை. ஒன்று, கோரைப்பல்லுக்குப் பின்னால் தனியாக நிற்கும் முதல் முன்கடைவாய்ப்பல். அது அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இன்னொன்று, கீழ்த்தாடையின் கடைசிப் பல். அது உதட்டுச் சதைக்குள் ஒளிந்திருக்கும். பிறவியிலேயே முளைக்காமல் போவதும் பெரும்பாலும் இதே இரண்டுதான். அதனால் 'இல்லை' என்று எழுதுமுன் சுத்தமான விரல் நுனியால் ஈறின்மேல் ஒருமுறை தடவிப் பாருங்கள். கூராக ஏதாவது தட்டுப்படுகிறதா, ஈறு மேடாக, நீலம் பாய்ந்து, மெத்தென்று இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குட்டி எச்சில் வடித்துக்கொண்டு, கீழ்த்தாடை தொங்கி, விழுங்க முடியாமல், குணம் மாறித் தெரிந்தால் 'எலும்பு மாட்டியிருக்கும்' என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் தொடங்கும். எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டுவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போடாத குட்டியை வைத்துப் பல் எண்ண வேண்டாம்.

ஏன் இல்லை?

காரணம் பலவாக இருக்கலாம். பல்லின் முளையே உருவாகாமல் இருப்பது பெரும்பாலும் பரம்பரையால் வருவது. முளை உருவாகியும் தடித்த ஈறையோ எலும்பையோ தாண்ட முடியாமல் உள்ளேயே நின்றுவிடுவதும் உண்டு. பக், பாக்ஸர், ஷி சூ போன்ற சப்பை மூக்கு இனங்களில் இது அதிகம், அதிலும் கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில். பால்பல் பருவத்தில் வண்டி இடித்தோ, கல் பட்டோ, பெரிய நாய் கடித்தோ அடியிலிருந்த முளை சிதைந்திருக்கலாம். முளைத்த பல் ஈறோடு முறிந்து, வேர் மட்டும் உள்ளே தங்கியிருப்பதும் உண்டு.

டிஸ்டெம்பர் என்ற, நாய்களுக்கு வரும் வைரஸ் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல் உருவாகிக்கொண்டிருக்கும் மாதங்களில் அது தாக்கினால், பிழைத்த குட்டியின் நிலைப்பற்கள் மேற்பூச்சு இல்லாமல், பழுப்புக் குழிகளோடு, சொரசொரப்பாக வரும். சில பற்கள் வராமலேயும் போகலாம். அப்படிப்பட்ட பல் கூச்சம் கொடுக்கும், சீக்கிரம் தேயும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தொடரை விடாமல் முடித்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கால்சியம் குறைவு பல்லின் முளையை இல்லாமல் செய்வதில்லை. அது செய்யும் கெடுதல் வேறு. அதைக் கீழே பார்ப்போம்.

எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு வேண்டாம்

கண்ணால் பார்த்து இல்லாத பல்லையும் புதைந்த பல்லையும் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. புதைந்த பல்லைச் சுற்றி நீர் கோத்த பை ஒன்று உருவாகலாம். அது வலியில்லாமல் மாதக்கணக்கில் வளர்ந்து, சுற்றியுள்ள எலும்பைக் கரைத்து, பக்கத்துப் பற்களின் வேரையும் தின்றுவிடும். தாடை மெலிந்துபோன நாய்க்குச் சாதாரண விளையாட்டில்கூட எலும்பு முறியும். ஆரம்பத்திலேயே கண்டால், பல்லையும் பையின் உறையையும் முழுதாக எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

படம் எடுக்கக் குட்டிக்கு மயக்கம் கொடுக்க வேண்டும். எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் எக்ஸ்ரே இருக்காது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் உள்ளூர் மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு மதுரைக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். போகுமுன் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். வாய்க்குள் வைக்கும் பல் எக்ஸ்ரே கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், வாயைத் திறந்து வைத்துச் சாய்வாக எடுக்கும் சாதாரணப் படத்திலும் புதைந்த பல் பெரும்பாலும் தெரிந்துவிடும். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் அன்றே இந்தப் படத்தையும் எடுக்கச் சொன்னால் இரண்டு முறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்காது. எத்தனை மணி நேரம் பட்டினி போடுவது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். சின்னக் குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

பால்பல் விழாமல் நிற்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஒரே இடத்தில் பால்பல்லும் நிலைப்பல்லும் அருகருகே நிற்கவே கூடாது. நின்றால் புதுப்பல் கோணிப்போகும், இடுக்கில் சோறும் முடியும் அடைந்து ஈறு அழுகும். கீழ்க்கோரை உள்பக்கம் சாய்ந்து மேலண்ணத்தைக் குத்தவும் செய்யும். பார்த்தவுடன் மருத்துவரிடம் எடுக்கச் சொல்லுங்கள். குறடு போட்டு வீட்டில் பிடுங்கக் கூடாது. பால் கோரையின் வேர் வெளியே தெரியும் பல்லைவிட நீளம், மெல்லியது. பாதியில் முறிந்தால் உள்ளே சீழ் பிடிக்கும், பக்கத்துப் புதுப்பல்லும் சேதமாகும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. படத்தில் அடியில் நிலைப்பல்லே இல்லை என்று தெரிந்து, மேலே நிற்கும் பால்பல் ஆடாமல், ஈறு சிவக்காமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவைக்கலாம். சில நாய்களுக்கு அது பல வருஷம் உழைக்கும்.

பல் இல்லாத இடமும் சோறும்

நாய் நம்மைப் போல் அரைத்துத் தின்னும் பிராணி இல்லை. அதன் தாடை பக்கவாட்டில் அசையாது. வெட்டும், நொறுக்கும், விழுங்கும். ஆகவே முதல் முன்கடைவாய்ப்பல்லோ கடைசிக் கடைவாய்ப்பல்லோ இல்லாத குட்டிக்குச் சாப்பாட்டில் ஒரு மாற்றமும் தேவையில்லை. கஞ்சியாகக் கரைப்பதால் வயிறு நிறையுமே தவிர சத்து குறைந்துவிடும்.

முன்பற்கள் பல இல்லாவிட்டால் குழிந்த கிண்ணத்துக்குப் பதில் தட்டையான தட்டில் வையுங்கள், நாக்கால் எளிதாக அள்ளும். வெட்டும் பெரிய பல் ஒரு பக்கம் இல்லையென்றால் இறைச்சியை விரல்நுனி அளவுக்கு நறுக்குங்கள். குட்டி மறுபக்கத்தால் தின்று பழகிக்கொள்ளும். ஆனால் வேலை செய்யாத பக்கத்துப் பற்களில் காறை வேகமாகப் படியும், அந்தப் பக்கத்தைத் தினமும் துலக்க வேண்டும். பாதிக்கு மேல் பற்கள் இல்லாத குட்டிக்குக் கைமா, மசித்த முட்டை, ஊறவைத்த உலர் தீனி போதும்.

சாப்பிடும்போது சோற்றைக் கீழே போடுவது, தலையைச் சாய்த்து ஒரே பக்கம் மெல்லுவது, கிண்ணத்துக்கு ஓடி வந்து மோந்துவிட்டு விலகுவது, எச்சிலில் ரத்தம் வருவது: இவை வலியின் அடையாளங்கள். இடைவெளியால் இப்படி நடக்காது. உடைந்த பல்லோ, சீழோ, விழாத பால்பல்லோ இருக்கும்.

பல் மாறும் நாலு முதல் ஆறு மாதம் வரை ஈறு புண்ணாக இருக்கும், ஓரிரு வேளை சாப்பாடு குறையலாம். உலர் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். ஊறவைத்ததை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்து வெயிலில் சித்திரை, வைகாசியில் அது சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். மெல்லுவதற்கு ஈரத்துணியை முறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். செம்புராங்கல், கொட்டாங்குச்சி, கம்பிக்கதவு ஆகியவற்றைக் கடிக்க விடாதீர்கள். புதுப்பல்லின் உட்புறம் இன்னும் அகலமான கூடாகத்தான் இருக்கும், எளிதில் உடையும். கயிறு கொடுத்து இழுத்து விளையாடுவதையும் இந்த மாதங்களில் நிறுத்திவையுங்கள்.

வேளைக் கணக்கு: மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு.

அளவுக்கு ஒரு கணக்கு. ஐந்து மாதத்தில் 10 கிலோ இருக்கும் சிப்பிப்பாறைக் குட்டியையோ 'மண்டை' என்ற நாட்டு இன நாய்க் குட்டியையோ எடுத்துக்கொள்வோம். ஓய்வாக இருக்கவே அதற்குச் சுமார் 395 கலோரி வேண்டும். நாலு மாதத்துக்கு மேற்பட்ட வளரும் குட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 790 கலோரி. வீட்டுச் சமையலில் இது ஏறக்குறைய வெந்த சோறு 250 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 180 கிராம், அவித்த முட்டை ஒன்று, பரங்கிக்காய் அல்லது கேரட் 50 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் 30 கிராம் ஈரல் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறும். தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தி, சூடை மீனை வேகவைத்து முள் எடுத்துக் கோழிக்குப் பதிலாக வாரம் ஒருநாள் போடலாம். மீன் நல்லது, கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இந்தச் சாப்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: கால்சியம். வளரும் குட்டிக்கு 1000 கலோரிக்கு 3 கிராம் வீதம் வேண்டும், அதாவது இந்தக் குட்டிக்கு 2.4 கிராம். மேலே சொன்ன சோறும் கறியும் கால் கிராம்கூடத் தராது. கேப்பைக்கூழ் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். 100 கிராம் கேப்பையில் சுமார் 340 மில்லிகிராம்தான் இருக்கிறது, அதுவும் முழுதாக உடலில் ஏறாது. பால் என்றால் நாளைக்கு இரண்டு லிட்டர் வேண்டும், குட்டிக்கு வயிற்றால் போகும். முட்டைஓட்டுப் பொடி பலர் சொல்லும் வழி. ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பாஸ்பரஸ் கிடையாது. இந்தச் சாப்பாட்டில் பாஸ்பரஸும் தேவையில் பாதிக்குக் குறைவாகத்தான் வருகிறது. வளர்ந்த நாய்க்கு ஓட்டுப்பொடி உதவும். வளரும் குட்டிக்கு இரண்டும் சேர்ந்த, நாய்க்கான மருந்தை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பதே சரி. பாட்டில் வாங்கினால் 'ஒரு மூடி' என்று ஊற்றாமல், 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் என்று லேபிளில் படித்துக் கணக்குப் போடுங்கள்.

வைட்டமின் டி-யும் அப்படித்தான். காலை வெயிலில் கட்டிவைத்தால் போதும் என்பது மனிதனுக்குப் பொருந்தும். நாயின் தோல் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி-யைத் தயாரிக்காது. மஞ்சள்கரு, மீன், இல்லையென்றால் மருந்து என்று வாய் வழியாகத்தான் வர வேண்டும். இந்தக் குறை மாதக்கணக்கில் நீடித்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கும். கால் வளையும், குட்டி நொண்டும், தாடை எலும்பு ரப்பர் போல் மெத்தென்றாகி முளைத்த பல்லும் ஆடும். பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிகளில் இதைத்தான் பார்க்கிறோம்.

கடையில் வாங்கும் 'குட்டிக்கான முழுச்சத்து' உலர் தீனியே முக்கிய உணவு என்றால் மேற்கொண்டு கால்சியம் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வெளியே தள்ளக் குட்டியின் குடலுக்குத் தெரியாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களில் 1000 கலோரிக்கு 4.5 கிராமைத் தாண்டினால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். பல் வரவில்லை என்று டானிக் ஊற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

வைக்கக் கூடாதவை

செட்டிநாட்டுக் குழம்பு, உப்புக்கறி, சாப்ஸ் எதுவும் நாய்க்கு ஆகாது, மிச்சமும் ஆகாது. காரத்தைவிடப் பெரிய காரணம் வெங்காயமும் பூண்டும். அவை ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், ரத்தம் கெடும். நாலு கிலோ குட்டிக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமே அந்த அளவுதான். ஆகவே நாய்க்குரிய கறியைத் தாளிக்குமுன், வெறும் தண்ணீரில் தனியாக வேகவைத்து எடுத்துவிடுங்கள். ஆச்சிமார் பாசத்தில் நீட்டும் தேன்குழலும் சீயமும் எண்ணெய் குடித்தவை, கணையம் வீங்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயச ஏனத்தை நக்க விடாதீர்கள்.

வெந்த எலும்பு கோழியோ ஆடோ எதுவானாலும் கூடாது, சிதறிக் குடலைக் குத்தும். நல்லி எலும்பு வேறு விதத்தில் கெடுக்கும்: கண்ணுக்குக் கீழே உள்ள அந்தப் பெரிய பல் பக்கவாட்டில் பிளந்து, பிறகு கன்னத்தில் சீழ்க்கட்டி வரும். ஏற்கெனவே பல் குறைந்த நாய் அதையும் இழப்பது பெரிய நஷ்டம். எதைக் கடிக்கக் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லையென்றால் அது நாயின் பல்லுக்குக் கடினம்.

பல் துலக்க நாய்க்கான பேஸ்ட்டும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். நம்முடைய பேஸ்ட், பல்பொடி, உமிக்கரி, உப்பு எதுவும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். ஏற வேண்டிய வயதில் இரண்டு வாரம் எடை நின்றுவிட்டால் வாயைப் பார்ப்பதோடு பூச்சி மருந்துக் கணக்கையும் பாருங்கள்.

குட்டி ஈன விடலாமா?

அடிபட்டு இழந்த பல் பரம்பரையாக வராது. எக்ஸ்ரேயில் முளையே இல்லை என்று உறுதியானால் அது தாய்தந்தை வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டுக் காவலுக்கு வளர்ப்பவருக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. ஆனால் கண்காட்சிக்கோ இனவிருத்திக்கோ வாங்கினால் நிலைமை வேறு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சர்வதேச இனத் தரத்தில் ஒரு கோரைப்பல் இல்லாவிட்டாலே தகுதி போய்விடும், மொத்தம் மூன்று பல் இல்லாவிட்டாலும் அப்படித்தான். நம் நாட்டு வேட்டை நாய்களில் குறைந்த எண்ணிக்கையிலான நாய்களையே திரும்பத் திரும்ப இணை சேர்க்கிறார்கள். பல பல் குறைந்த ஆணை ஊரெல்லாம் இணைக்கு விட்டால் சில தலைமுறையில் அந்தக் குறை எங்கும் பரவிவிடும். அதனால் ஏழு மாதம் தாண்டிய குட்டியை வாங்குபவர்கள் விலை பேசுமுன் உதட்டைத் தூக்கி எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டி என்றால் பால்பல்லை வைத்து நிலைப்பல்லை உறுதியாகச் சொல்ல முடியாது, அதன் தாய்தந்தையின் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.